எக்ஸ்ரே அண்ணன் சொன்ன தீர்ப்பு

என் கணவருக்கு இரண்டு வாய். ஒன்று ஆஸ்பத்திரி வாய். அதிலிருந்து வருவது நாலைந்து வாக்கியங்கள்தான்: "நேரா நில்லுங்க." "மூச்ச இழுத்துப் பிடிங்க." "அசையாதீங்க." "விடுங்க." "டாக்டர் சொல்வாரு." எக்ஸ்ரே எடுக்கிற வேலை. எலும்பு உடைந்திருக்கிறதா, நுரையீரலில் நிழல் இருக்கிறதா என்று உலகத்தில் முதலில் பார்ப்பது அவர்தான். பார்த்ததைச் சொல்ல மட்டும் அவருக்கு உரிமை கிடையாது. வருகிற நோயாளி எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது. தபால்பெட்டிக்காவது வாய் திறந்திருக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதே எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருக்கும் ஜன்னலில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறவள் நான். நான் கூப்பிடுவேன், அவர் படம் எடுப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். நோயாளிகளைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

இன்னொன்று வீட்டு வாய். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அது திறந்துகொள்ளும். விளையாட்டு! பந்தை உதைப்பவன், அடிப்பவன், பிடிப்பவன், பிடிக்காமல் விடுபவன் என்று ஒருத்தரும் தப்ப முடியாது. ஊக்க மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்ட நீச்சல்காரனுக்கு ஆயுள் தடை. மட்டையைத் தரையில் அடித்து உடைத்த டென்னிஸ்காரிக்கு மன்னிப்பு. "அவ மட்டை, அவ உடைக்கிறா, உனக்கென்ன?" என்று தொலைக்காட்சியோடு சண்டை போடுவார். அதிகச் சம்பளத்துக்காகக் கிளப் மாறியவனைத் துரோகி என்றார் ஒருநாள். "நீங்க பழைய ஆஸ்பத்திரிய விட்டு ஏன் இங்க வந்தீங்க?" என்று கேட்டேன். இங்கே பஸ் வசதி இருக்கிறதாம்.

நம் ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பர் பெண்டாட்டியை அடித்தான் என்று பேப்பரில் வந்தபோது மட்டும் எங்களுக்குள் நிஜமாகவே முட்டிக்கொண்டது. "ஆட்டம் வேற, ஆள் வேற" என்றார் இவர். "அப்போ சாப்பாடு வேற, சமைக்கிறவ வேற. சாப்பாட்டக் கூப்பிடுங்க, அதுவே வந்து பரிமாறும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமையே, கோல்கீப்பரை அணியை விட்டுத் துரத்த வேண்டும் என்று ரேடியோவில் அறிவித்துவிட்டார். பசி நல்ல வாத்தியார்.

ரேடியோ என்றேன் இல்லையா, கதையே அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேயர்கள் போன் பண்ணி விளையாட்டைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சி ஒன்று. இவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்று பேசுவார். நான் அடுப்பைத் தணித்து வைக்க வேண்டும், கரண்டி சத்தம் வரக் கூடாது. நடத்துகிற இளைஞன் இவருக்கு எக்ஸ்ரே அண்ணன் என்று பேர் வைத்துவிட்டான். பேச்சு எதுவானாலும், "நான் எக்ஸ்ரே எடுக்கிறவன், எனக்குத் தெரியாதா?" என்றுதான் இவர் ஆரம்பிப்பார். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் யாருக்கும் சந்தேகமும் வந்ததில்லை. பகலெல்லாம் பத்து வார்த்தை பேசாத மனிதர் ரேடியோவில் தொண்டை கிழியக் கத்துவார் என்று யார் நினைப்பார்கள்?

எதை மன்னித்தாலும் மன்னிப்பார், ஒன்றை மட்டும் மன்னிக்க மாட்டார். அடிபடாமலே அடிபட்டதுபோல் உருளுகிறவனைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். "காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நெஜ வலிய பாக்குறேன். கை ரெண்டா தொங்கும், பல்லக் கடிச்சிட்டு ஒரு சத்தம் போட மாட்டான் ஒருத்தன். இவனுங்க கோடி கோடியா வாங்கிட்டு, காத்து பட்டதுக்கு உருளுறானுங்க!" இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் பதினோராம் நம்பர் ஆடுவதை நிறுத்தினான். ஊர் அணியின் செல்லப் பிள்ளை. அவனைச் சட்டை எண்ணைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள், பதினொண்ணு என்று. பையன் ஓடினால் கண் பின்னால் ஓட வேண்டும். அவன் திடீரென்று ஓரமாக உட்கார்ந்துவிட்டான். தசைப்பிடிப்பு என்றது கிளப். அடுத்த வாரமும் தசைப்பிடிப்பு. அவன் ஒப்பந்தம் முடியப் போகிற நேரம் வேறு. பணக்காரக் கிளப் ஒன்று கூப்பிடுகிறது, அதுவரை காலைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான் என்று ஊர் பேசியது.

வெள்ளிக்கிழமை வந்தது. எக்ஸ்ரே அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

"எத்தனையோ வருஷமா எலும்பு பாக்குறேன் தம்பி. அவன் கிளப் படியில ஏறினத டிவில காட்டினாங்க, பாத்தேன். வலி உள்ளவன் அப்படி ஏற மாட்டான். அவனுக்கு வந்திருக்கிறது கால் வலி இல்ல, கல்லாப்பெட்டி வலி!"

அடேயப்பா, எப்படிப் பற்றிக்கொண்டது! திங்கட்கிழமை பஸ்ஸில் இரண்டு பேர் "கல்லாப்பெட்டி வலி" என்று சொல்லிச் சிரித்தார்கள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். "எக்ஸ்ரே எடுக்கிறவரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்றான் அதில் ஒருத்தன். பிள்ளைகள் அதைச் சுவரில் எழுதினார்கள். பதினொண்ணு காரில் போகும்போது வழிமறித்துச் சில்லறையை விட்டெறிந்தார்கள் என்றும் கேள்விப்பட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை இவர் அதையே இன்னும் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துச் சொன்னார்.

இனிமேல் சொல்லப்போவதை இப்போது சொன்னால் தப்பில்லை. தன் கால் எலும்பைப் பற்றி அந்தப் பையனே பின்னால் டிவியில் எல்லாருக்கும் சொல்லிவிட்டான்.

ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், வரிசை இல்லை. பின்வாசல் வழியாக மூன்று பேர் வந்தார்கள். முகமூடியும் தொப்பியும் போட்ட ஒரு பையன், ஒரு அம்மா, சட்டைப்பையில் கிளப் சின்னம் வைத்த டாக்டர் ஒருவர். சீட்டில் ஏதோ ஒரு பேர் இருந்தது. எங்கள் பெரிய டாக்டரே கூட வந்து, "பேர் கூப்பிட வேண்டாம்மா, நேரா உள்ள விடுங்க" என்றார். பையன் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே போனான். இடது காலை ஊன்றும்போது பாதத்தின் வெளி ஓரத்தைத் தரையில் படாமல் தூக்கித் தூக்கி வைத்தான். சுவரொட்டியில் தினமும் பார்க்கிற உடம்பு, தொப்பி போட்டால் தெரியாதா? பதினொண்ணேதான்.

அந்த அம்மா என் ஜன்னலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளிருந்து இவர் குரல் வந்தது. இவர் குரல் ஒரு மாதிரி, அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருக்கும்.

"பாதத்த நேரா வைங்க. கொஞ்சம் சாய்ங்க. வலிச்சா சொல்லுங்க. அசையாதீங்க."

அம்மா தலையை நிமிர்த்தினார். கதவைப் பார்த்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

"இது ரேடியோல வர்ற குரல்தானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "என் வீட்டுக்காரர்தாங்க" என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை, பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"ஒவ்வொரு வாரமும் கேக்குறேம்மா. என் பிள்ளைய யாரு எவ்வளவு திட்டுறாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா? மத்தவங்க திட்டுறது ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுடுவேன். இவர் சொன்னாத்தான் ஊர் நம்புது. ஞாயித்துக்கிழமை ஆடியே தீருவேன்னு நிக்கிறான் இவன். ஊசி போட்டுட்டு ஆடுறானாம். 'கல்லாப்பெட்டி வலி இல்லேன்னு காட்டுறேம்மா'ங்கிறான்."

"கிளப்ல வெளிய சொல்லிடலாமேம்மா, அடிபட்டிருக்குன்னு?"

"ஒப்பந்தம் முடியப் போகுது. கால் போனவன்னு தெரிஞ்சா எந்தக் கிளப் தொடும்? அவன் சம்பாத்தியத்துலதான் நாங்க அத்தன பேரும் சாப்பிடுறோம்."

உள்ளே மூன்று கோணத்தில் படம் எடுத்து முடித்திருந்தார்கள். சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓடும் நீள எலும்பில், அடிப்பக்கமாக, மயிரிழை போல் ஒரு விரிசல். ஆடாமல் மாவுக்கட்டுப் போட்டால் கூடிவிடும், அதன்மேல் ஓடினால் இரண்டாகப் பிளக்கும், பிளந்தால் பழைய ஓட்டம் திரும்புவது சந்தேகம் என்று பெரிய டாக்டர் சொன்னது வெளியே எனக்கே கேட்டது. "ஊசி போட்டா ஒரு ஆட்டம் தாங்கும்" என்றார் கிளப் டாக்டர். "ஆடுறேன் டாக்டர்" என்றான் பையன். கடைசியில் பெரிய டாக்டர் இவரைப் பார்த்து, "இது இந்த ரூம விட்டு வெளிய போகக் கூடாது. போச்சுன்னா உங்க வேலையும் போகும்" என்றார். இவர் தலையை ஆட்டினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எங்கள் ஒப்பந்தம் உடைந்தது. உடைத்தவள் நான்தான்.

"அந்த அம்மா உங்க குரலக் கண்டுபிடிச்சிட்டாங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். "வாய வெச்சிட்டு சும்மா இருந்தீங்களா? தவளை தன் வாயால கெடும்பாங்க, இங்க தவளை நல்லாத்தான் இருக்கு, கெடுறது அடுத்தவன் காலு!"

இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் எந்த ஆட்டக்காரனைப் பற்றியும் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை அதச் சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? எக்ஸ்ரே எடுக்கிறவன் திடீர்னு மாத்திப் பேசினா என்ன அர்த்தம்? படத்தப் பாத்துட்டான்னு அர்த்தம். விஷயம் வெளிய போயிடும், அவன் ஒப்பந்தம் போயிடும்."

"அப்ப போன் பண்ணாதீங்க. சும்மா இருங்க."

"சும்மா இருந்தாலும் அதே அர்த்தம்தான். இத்தன வாரமாக் கத்தினவன் ஏன் வாய மூடிட்டான்னு அந்த ரேடியோக்காரனே கேப்பான்."

"அப்ப வழக்கம்போலத் திட்டித் தொலைங்க!"

"திட்டினா ஞாயித்துக்கிழமை ஆடிருவான்."

எப்படிப் புரண்டாலும் முள்ளாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. அவர் சோற்றை அளைந்துகொண்டே இருந்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். வியாழக்கிழமை முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நோயாளிகளிடம் "அசையாதீங்க" என்றதோடு சரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் சமையலறைக் கதவைச் சாத்தினார். அடுப்பை நானே அணைத்துவிட்டு, சின்ன ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன்.

"வாங்க எக்ஸ்ரே அண்ணே!" ரேடியோக்கார இளைஞன் உற்சாகமாக இருந்தான். "நாளன்னைக்குப் பெரிய ஆட்டம். பதினொண்ணு ஆடுவானா, இல்ல மறுபடி நடிப்பானா? உங்க எக்ஸ்ரே என்ன சொல்லுது?"

"எக்ஸ்ரேயும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல தம்பி. நான் எக்ஸ்ரே எடுக்கிறவனே இல்ல."

"என்னண்ணே, ஜோக்கா?"

"ஜோக் இல்ல. பொய் சொல்லிட்டேன். சும்மா ஒரு கெத்துக்கு. நான் ஒரு செருப்புக் கடையில நிக்கிறேன்."

"அப்ப... காலப் பத்தி எல்லாம் தெரியும்னீங்களே?"

"அளவு தெரியும். எட்டா ஒன்பதான்னு பாத்ததும் சொல்லிடுவேன். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது."

"பதினொண்ணு நடிக்கிறான்னு சொன்னது?"

"வாய்க்கு வந்தது. அந்தப் பையன் காலுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்க போன் பண்ற ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியாம ஒரு பிள்ளையத் திட்டினேன். தப்பு."

இளைஞனுக்கு வந்ததே கோபம். "இத்தன வாரமா எங்க நேயர்கள முட்டாளாக்கிட்டீங்க. இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க" என்று இணைப்பைத் துண்டித்தான். அப்புறம் அரைமணி நேரம் திட்டு மழை. புளுகன் என்றார்கள், செருப்புக்காரன் என்றார்கள், அவன் கடை எங்கே என்று கண்டுபிடித்து அவன் செருப்பாலேயே அடிக்க வேண்டும் என்றார்கள். பதினொண்ணைப் பற்றி ஒருத்தர்கூடப் பேசவில்லை. ஊருக்கு வைவதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அது யார் என்பதில் ஊருக்குப் பிடிவாதம் எதுவும் கிடையாது.

இவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நான் ரேடியோவை மறைக்கவில்லை. "ஒளறிட்டேனா?" என்று கேட்டார். "நல்லா ஒளறினீங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த எக்ஸ்ரே அண்ணன் பேரில் அவருக்கு எத்தனை சந்தோஷம் என்று எனக்குத்தானே தெரியும். வேலை செய்கிற இடத்தில் வாய் திறக்க முடியாத மனிதருக்கு, பேசினால் நாலு பேர் கேட்கிற இடம் அது ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

இவர் நிஜமாகவே எக்ஸ்ரே எடுக்கிறவர் என்பது அந்த ரேடியோ கேட்டவர்களில் என்னைத் தவிர இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். புதன்கிழமை எங்கள் அறைக்கு வந்திருந்த பையனுக்கும் அவன் அம்மாவுக்கும்.

சனிக்கிழமை காலையில் அதே பின்வாசல் வழியாக இருவரும் வந்தார்கள். மாவுக்கட்டு அறைக்கு எங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். பையன் தொப்பியைக் கொஞ்சம் தூக்கி எக்ஸ்ரே அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். அம்மா மட்டும் என்னிடம் நின்றார்.

"நேத்து கேட்டோம். அந்தக் குரல் யாருதுன்னு அவன்கிட்ட சொல்லியிருந்தேன். முதல்ல அவனுக்குப் புரியல. அப்புறம், 'அம்மா, என் எலும்பப் பாத்தவரே எனக்காகச் செருப்புக் கடைங்கிறாரும்மா'ன்னான். அப்புறம் அவனே டாக்டருக்குப் போன் பண்ணி, கட்டு போட்டுக்கிறேன்னுட்டான்."

இவர் அப்போது உள்ளே வேறு யாரையோ மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அம்மா மகன் பின்னால் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இவர் என்னையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். இருபத்திரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்க்க நான் எதற்கு என்று வழக்கமாகக் கேட்பேன். அன்று கேட்கவில்லை. ஆடுகிறவர்கள் பேரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பதினொண்ணு இல்லை, சொந்தக் காரணம் என்றார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக ஊளைச் சத்தம் எழுந்து அடங்கியது. இவர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு மூச்சை வெளியே விட்டார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு கனத்த மனிதர், கழுத்தில் ஊர் அணியின் துண்டு. ஆட்டம் சப்பென்று இருந்ததால் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ரேடியோ கேட்டீங்களா சார், வெள்ளிக்கிழமை? எக்ஸ்ரேன்னு சொல்லி நம்மளையெல்லாம் ஏமாத்தியிருக்கான் ஒரு செருப்புக் கடைக்காரன்."

"கேட்டேன் கேட்டேன்" என்றார் இவர், குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு. "அவனையெல்லாம் ஆயுசுக்கும் ரேடியோப் பக்கம் விடக் கூடாதுங்க!"

"சரியாச் சொன்னீங்க! ஈனப்பய. அவன் குடும்பத்துல எவளாவது அவன மதிப்பாளா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. எழுந்தே விட்டேன். "யோவ், அவரப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? வாய அடக்கிப் பேசுங்க!" நான் போட்ட சத்தத்தில் முன்வரிசைத் தலைகள் நாலைந்து திரும்பின. இவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அந்த மனிதர் மிரண்டுபோனார். "உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?"

"தெரியும்" என்றேன். "அவர் கடையிலதான் செருப்பு வாங்குறேன்."

"அப்படியா? எப்படிப்பட்ட ஆளு?"

இவர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பந்து வெளியே போய் ஆட்டம் நின்றிருந்தது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"நல்ல மனுஷன்" என்றேன்.

ஆட்டம் முடிகிற வரைக்கும் இவர் என் கையை விடவில்லை.